ரங்கூனில் வட்டி என்னவா? கோயில்ல கேளு!

ஆபீசில் ஒரு சந்தேகம் வந்தால் முதலில் யாரைக் கேட்பீர்கள்? பீரோவில் தூசி படிந்து கிடக்கிற விதிமுறைப் புத்தகத்தையா? பொய் சொல்லாதீர்கள். நாற்காலியை அரை வட்டம் திருப்பி, "அண்ணே, இந்த மாதிரி கேஸ் முன்னாடி வந்திருக்கா?" என்று பக்கத்து சீட்டுக்காரரைத்தான் கேட்பீர்கள். அண்ணன் கையை விரித்தால், அடுத்த வருஷம் ரிட்டயராகப் போகிற சூப்பரின்டெண்டென்ட். அவரும் "எங்க காலத்துல..." என்று வேறு கதைக்குப் போய்விட்டால் செல்போன். புத்தகத்தை எடுப்பது, ஆடிட் பார்ட்டி வாசலில் வந்து ஜீப்பை நிறுத்தும்போதுதான்.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிற மேலதிகாரிகள் உண்டு. பாவம், அவர்களும் அதையேதான் செய்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன், எஞ்சினியர்கள் தகவலுக்கு யாரிடம் போகிறார்கள் என்று வருஷக்கணக்கில் கவனித்து, 1977-ல் ஒரு புத்தகமே போட்டார். எஞ்சினியர் என்ற ஜீவராசி காகிதத்தைவிட ஆளைத்தான் நம்புகிறது. அந்த ஆளும் கிட்டத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கண்டது. இரண்டு மேஜைக்கும் நடுவே ஐம்பது மீட்டர் தாண்டிவிட்டால் பேச்சு ஏறக்குறைய நின்றே போகிறதாம். ஐம்பது மீட்டர் என்பது நம்ம ஊர்க் கணக்கில் ஒரு டீக்கடை தூரம்!

எங்கள் காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் இதை எந்தப் பேராசிரியரும் சொல்லாமலே தெரிந்துகொண்டு, கட்டடமாகவும் வைத்திருந்தார்கள். கட்டடம் இங்கே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம்... ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர். கிட்டங்கி என்று பெயர்.

நீளமான ஒரு கூடம். இரண்டு ஓரத்திலும் வரிசையாகப் பெட்டிகள். ஒரு பெட்டி என்றால் ஒரு வங்கி! மூன்று நான்கு இனிஷியல்தான் அந்த வங்கியின் பெயர், விலாசம் என்பார்கள். முன்னால் சாய்வான மூடி போட்ட மரப்பெட்டி, பின்னால் பாய், அதற்கும் பின்னால் அலமாரி, இரும்புப் பெட்டி. பகலில் அந்தப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் கடன் கொடுப்பார்கள். ராத்திரி அங்கேயே தூக்கம். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இந்த ஏற்பாடு 1970-கள் வரைக்கும் நடந்தது. இப்போது பெரிய கம்பெனிகள் 'ஓப்பன் ஆபீஸ்' என்று தடுப்புகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த யோசனை சொன்ன கன்சல்டன்ட்டுக்கு ஃபீஸும் கொடுக்கின்றன. கிட்டங்கியில் செலவு ஒரு பாய்தான்.

இப்படிக் கடல் தாண்டித் தொழிலுக்குப் போவதை நகரத்தார் பேச்சில் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். பெட்டிக்கு ஒரு மேலாள். அவருக்குத் துணை அடுத்தாள். கடைசியில் பெட்டியடிப் பையன். முதலாளி இங்கே செட்டிநாட்டில், தேக்குத் தூண் வீட்டில். மேலாளுக்குச் சம்பளச் சீட்டு எழுதி, பொதுவாக மூன்று வருஷத்துக்கு அனுப்புவார். ஆளுக்கு ஆள் வேலை வேறு. ஆகவே ஆளுக்கு ஆள் தகவல் வருகிற வாசலும் வேறு. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பையனுடைய வேலை கணக்கு. கால்குலேட்டர் இல்லாத காலம். எண்சுவடிதான் அவனுக்குக் களஞ்சியம். அதுவும் பெட்டிக்குள் இல்லை, மண்டைக்குள். ஒன்றை 320-ஆக உடைத்தால் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர். எண்பதில் ஒரு பங்கு காணி. இருபதில் ஒரு பங்கு மா. இதையெல்லாம் மனசுக்குள்ளேயே பெருக்கிக் கூட்டி, இத்தனை நாளைக்கு இவ்வளவு வட்டி என்று வாயால் சொல்ல வேண்டும். இதில் அவன் எதிர்ப் பெட்டியைக் கேட்டால் மரியாதை போய்விடும்!

மேலாள் கதையே வேறு. இன்றைய வட்டி என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டும். எண்சுவடியில் அது இல்லை. ரங்கூன் மொகல் தெருவில் (இப்போது ஷ்வே பொந்தா தெரு) செட்டியார்களின் கோயில் இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை அங்கே கூடுவார்கள். கையில் பணம் எவ்வளவு புரளுகிறது, வெளியே தேவை எவ்வளவு என்று பேசி, 'நடப்பு வட்டி' இவ்வளவு என்று முடிவாகும். கடைக்குக் கடை கொடுக்கல் வாங்கலுக்கு அதுதான் அளவுகோல். ஆளுக்கொரு பக்கம் விசாரித்து அலைவதைவிட எல்லாரும் ஒரே இடத்தில் கூடினால் ஒரு சாயங்காலத்தோடு வேலை முடிந்தது. சாமிக்கு முன்னால் பொய் சொல்லக் கொஞ்சம் கை நடுங்கும் என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்று நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி: புதிதாக ஒருவர் வந்து கடன் கேட்கிறார். கொடுக்கலாமா? நிலம் எத்தனை ஏக்கர் என்பது பத்திரத்தில் இருக்கும். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிற சாதியா என்பது எந்தப் பத்திரத்திலும் இராது. அதற்குக் கோயில் கூட்டம் வரை காத்திருக்கவும் முடியாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு எதிர்ப் பெட்டியைப் பார்க்க வேண்டியதுதான். காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

"அண்ணே, இந்த ஆளு உங்ககிட்ட வரவு செலவு வச்சிருந்தாரா?"

எதிர்ப் பெட்டி பதில் சொல்லாமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருக்கிறது. போதும். அந்தச் சுண்ணாம்பில் ஒரு ரிப்போர்ட்டே இருக்கிறது!

முதலாளி நிலைமைதான் சங்கடம். ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிற அவருடைய வேலை கடன் கொடுப்பதல்ல. கடன் கொடுக்கிற ஆளை நம்புவது. கடிதம் வரும். வரவு செலவெல்லாம் திரட்டிய ஐந்தொகை வரும். ஆனால் எல்லாவற்றையும் எழுதி அனுப்புவது அதே மேலாள் அல்லவா! தன் பரீட்சைப் பேப்பரைத் தானே திருத்திய மாதிரி. அதனால் கப்பலிலிருந்து இறங்கி ஊருக்கு வருகிற ஒவ்வொரு பங்காளியும் முதலாளிக்கு ஒரு நிருபர். கோயில் வாசலில் பேச்சுவாக்கில், "உங்க ஆளு இப்பல்லாம் மோட்டார்லதான் போறாப்ல" என்று ஒரு வார்த்தை விழுந்தால், அன்று ராத்திரி பழைய ஐந்தொகை அத்தனையும் மறுபடி வெளியே வரும்.

கல்யாண விஷயத்துக்கு இன்னொரு வாசல். நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். கல்யாணமான தம்பதியை ஒரு 'புள்ளி' என்று கோயிலில் பதிவார்கள். யார் எந்தக் கோயில், யாருக்கு யார் பங்காளி என்பதை அங்கே தெரிந்துகொள்ளலாம். வட்டி தெரியவும் கோயில், வரன் தெரியவும் கோயில்! ஆனால் கூடுகிற கோயில் வேறு, கேட்கிற கேள்வி வேறு.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். இன்று ஒரு வங்கிக் கிளையில் வீட்டுக் கடனுக்கு மனுப் போட்டுப் பாருங்கள். சிபில் ஸ்கோர் கம்ப்யூட்டரில் வந்துவிடும். வில்லங்கச் சான்று ஆன்லைனில். வக்கீல் ஒப்பினியன் தனியாக. இத்தனையும் மேஜைமேல் வந்தபிறகும் ஃபீல்டு ஆபீசர் வண்டியை எடுத்துக்கொண்டு உங்கள் தெரு முனைக்கு வருவார். டீ குடிப்பார். "அந்த மாடி வீட்டுக்காரர் எப்படிண்ணே?" என்பார். டீ மாஸ்டர் ஆற்றுகிற ஆற்றலில் உங்கள் கடனும் சேர்ந்து ஆறும்.

*

1995-ல் பின்லாந்தில் காட்ரீனா பைஸ்ட்ரோம், கலெர்வோ யார்வலின் என்று இரண்டு பேர் இந்த விவகாரத்தைக் கொஞ்சம் நறுக்கென்று ஆராய்ந்தார்கள். நகராட்சி மாதிரி ஆபீஸ் ஊழியர்களைப் பிடித்து, அவர்கள் செய்கிற ஒவ்வொரு வேலையையும் எழுதச் சொன்னார்கள். எந்த வேலைக்கு யாரை, எதைக் கேட்டாய் என்றும் எழுதச் சொன்னார்கள். மேலே பார்த்த கிட்டங்கிதான் அங்கேயும்! முன்கூட்டியே வழி தெரிந்த சாதாரண வேலைக்கு ஆபீசுக்குள்ளேயே இருக்கிற ஃபைல், ரிஜிஸ்தர் போதுமாக இருந்தது. வேலை சிக்கலாக ஆக, கேட்க வேண்டிய இடங்களின் எண்ணிக்கை கூடியது. ஆபீஸ் வாசலைத் தாண்டி வெளியே போக வேண்டிவந்தது. விஷயம் தெரிந்த நிபுணர்களைத் தேட வேண்டிவந்தது. கூடவே இன்னொன்று: வேலை சிக்கலாக ஆக, தேடினது கிடைத்தது என்கிற திருப்தி குறைந்துகொண்டே போனது.

இந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கும். 'நான் மட்டும்தான் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறேன்' என்று நினைக்கிற ஜூனியர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

சிக்கலின் உச்சியில் சில சமயம் ஆளும் உதவாது, புத்தகமும் உதவாது. அதற்கும் காரைக்குடியிலேயே சாட்சி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தாரே, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம்... நம்ம ஊர் பாஷையில் சிக்ரி. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. உள்ளே அருமையான லைப்ரரி. உலகத்து ரசாயன ஜர்னலெல்லாம் வரும். ஆனால் 'இந்த இரும்பு நம்ம கடற்கரையில் எத்தனை வருஷம் தாங்கும்?' என்று ஒருவர் கேட்டால் ஜர்னல் என்ன செய்யும்? ஜெர்மனிக் கடற்கரை வேறு, ராமேஸ்வரம் பக்கத்துக் காற்று வேறு. அதனால் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்தார்கள். உலோகத் தகடுகளை வரிசையாக உப்புக் காற்றில் நிறுத்திவிட்டு, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் காத்திருந்து, எவ்வளவு துரு தின்றது என்று எடை போட்டுப் பார்ப்பார்கள். கேள்விக்குப் பதில் சொல்கிற நிபுணர் அங்கே கடல்தான். அவசரப்படுத்த முடியாத நிபுணர்!

*

இதுவரைக்கும் எல்லாம் பெருமை. இனிமேல் கசப்பு.

வேலை நம்மைத் தகவல் வாசலுக்கு அழைத்துப் போகிறது, சரி. எந்த வாசலுக்கு அழைத்துப் போகவில்லை? இதை யாரும் கேட்பதில்லை. செட்டிநாடு இதற்குக் கொடுத்த விலை அதிகம்.

1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. கீழ் பர்மாவின் நெல் விளைகிற பகுதிகளில், எந்த விவசாயி கிளம்பினாலும் ஒரு நாள் பயணத்துக்குள் ஒரு செட்டியார் பெட்டி இருக்கும் என்கிற நிலைமை. பர்மா வங்கித் தொழிலை விசாரிக்க 1929-ல் அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டபோது, அவர்களும் விவரத்துக்கு செட்டியார்களிடம்தான் வந்து நின்றார்கள். அவர்களைவிட்டால் அந்த விவரம் வேறு யாரிடமும் இல்லை. எந்த கிராமத்தில் யார் யோக்கியன், யாருக்கு எத்தனை மாடு, யாருடைய வயலில் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் பெட்டிக்குப் பெட்டி அத்துப்படி.

அப்போதுதான் உலகப் பொருளாதாரம் விழுந்தது. 1929-ல் நியூயார்க்கில் தொடங்கி, 1930 கடைசியில் ரங்கூன் நெல் சந்தைக்கு வந்து சேர்ந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போனது.

எதிர்ப் பெட்டி அண்ணன் அப்போது என்ன சொல்லியிருப்பார்? 'ஆள் யோக்கியன்' என்றுதான். உண்மைதான், ஆள் யோக்கியன்தான். நெல் விலை பாதியானால் யோக்கியனாலும் கடனைக் கட்ட முடியாது. அந்த அண்ணனும் அதே நெல்லை நம்பித்தான் கடன் கொடுத்திருந்தார். கோயிலில் கூடினவர்களும் அப்படித்தான். ஒரே கிணற்றில் இருந்து ஆயிரம் பேர் தண்ணீர் எடுத்து, 'உங்கள் தண்ணீர் எப்படி?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட மாதிரி.

அவர்கள் பேப்பர் படிக்காதவர்கள் அல்ல. காரைக்குடியிலிருந்து 'ஊழியன்', 'குமரன்' பத்திரிகைகள் வந்தன. ரங்கூனிலேயே 'தனவணிகன்' வந்தது. தந்தி இருந்தது. இங்கிலீஷ் பாங்குகளோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது. செய்தி கையில் இல்லை என்று சொல்ல முடியாது. 'இந்த ஆளுக்குக் கொடுக்கலாமா?' என்பது தினம் நூறு தடவை எழுகிற கேள்வி. 'இந்தப் பயிருக்கே கொடுக்கலாமா?' என்பது எந்த நாள் வேலையிலும் எழாத கேள்வி. எழாத கேள்விக்கு எந்தப் பேப்பரைத் திறந்தாலும் பதில் கண்ணில் படாது. இது என் கணிப்பு. சரித்திரப் பேராசிரியர்கள் சண்டைக்கு வரலாம்.

பணம் வராத இடத்தில் நிலம் வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-ல் 25 சதவீதம். ஏழே வருஷத்தில்! விரும்பி வாங்கின நிலம் அல்ல. கடனுக்குப் பதிலாக வந்து மடியில் விழுந்தது. பர்மியருக்கோ, இருந்த நிலம் போன வயிற்றெரிச்சல். யார் பக்கம் நியாயம் என்று இரண்டு பக்கமும் பேச இடம் உண்டு. 1942-ல் ஜப்பான் படை வந்தது; லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், கால்நடையாக மலையும் காடுமாகவும் திரும்பினார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்ததும் நில தேசிய உடைமைச் சட்டம். பத்திரங்கள் மட்டும் செட்டிநாட்டு இரும்புப் பெட்டிகளில் மிச்சம். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள், அந்தப் பூட்டுகளில் சிலவற்றுக்கு ரங்கூனில் சாவி தொலைந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

*

வேலையை மாற்றினால் வாசலும் மாறும் என்பதற்கு, அதே ரங்கூன் பேப்பரில் இருந்த ஒருவரே உதாரணம். 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார் ஏ.கே. செட்டியார். காரைக்குடியை ஒட்டிய கோட்டையூர்க்காரர், 1911-ல் பிறந்தவர். பிறகு டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோ தொழில் கற்றார். 1937-ல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது மகாத்மா காந்தியைப் பற்றி ஒரு டாக்குமென்டரி எடுத்தால் என்ன என்று தோன்றியது.

தோன்றிவிட்டது. இனி யாரைக் கேட்பது? கோயிலில் கேட்க முடியுமா? காந்தி நடமாடிய ஃபிலிம் எந்தெந்த ஊரில், எந்தக் கம்பெனி அலமாரியில் சுருண்டு கிடக்கிறதோ! பத்திரிகை நடத்தும்போது செய்தி அவரைத் தேடி வந்தது. இப்போது அவர் செய்தியைத் தேடி நாடு நாடாகப் போனார். முப்பது வருஷத்தில் நூறு கேமராக்காரர்கள் எடுத்திருந்த சுமார் 50,000 அடி ஃபிலிமைச் சேர்த்து, 1940-ல் படத்தை வெளியிட்டார். வயது முப்பதுகூட ஆகவில்லை. இதைப் படிக்கிற தம்பிகள் பலருக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான் இருக்கும். கடன்கார வகையறாவில் பிறந்த ஒருவர், எவர் ஜாமீனும் இல்லாத ஒரு தகவலை உலகம் பூராவும் வசூல் செய்திருக்கிறார்!

அதே கோட்டையூரில் இன்னொருவர். ரோஜா முத்தையா செட்டியார். சென்னையில் சைன்போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்டாக இருந்தவர். இவர் ஏ.கே. செட்டியாருக்கு நேர் எதிர். இவரிடம் கேள்வியே இல்லை. பதில்களை மட்டும் சேர்த்தார். பழைய தமிழ்ப் புத்தகம் என்றால் சரி, யாரும் சேர்ப்பார்கள். இவர் நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் பொட்டலம் மடித்துத் தூக்கியெறிந்த சமாசாரம்! எந்த ஆபீஸ் வேலையும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை. 1992-ல் அவர் காலமானபோது கோட்டையூர் வீட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்கு எடுத்துப்போகாமல், 1994-ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆக்கினார்கள்.

இன்று தரமணியில் இருக்கிறது அது. நாடகச் சரித்திரம் எழுதுகிறவர் பழைய நோட்டீஸைக் கேட்டு வருகிறார். சினிமா ஆராய்ச்சிக்காரர் பாட்டுப் புத்தகத்தைக் கேட்கிறார். நூறு வருஷத்துக்கு முந்தைய சமையல் எப்படி இருந்தது என்று பார்க்க வருகிறவர்களும் உண்டு. செல்போனில் தட்டிப் பார்த்து, அதில் கிடைக்காமல்தான் இவர்களெல்லாம் அங்கே படியேறுகிறார்கள். அடுத்த முறை சென்னைக்கு ஆபீஸ் வேலையாகப் போனால் அரை நாள் லீவு சொல்லிவிட்டு எட்டிப் பாருங்கள். எதைக் கேட்பது என்று தெரியாமல் போனாலும் பரவாயில்லை. பேருந்துக்கு மட்டும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.